புதன்கிழமை இறங்கும் காய்ச்சல்

அந்த வருஷம் பங்குனி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் மெழுகு பிளாக்குகள் சூடாக ஆரம்பித்தன. மொத்தம் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு பிளாக்குகள். பத்து வருஷமாக மனிதர்களின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்து பயாப்சிக்கு வந்த சதைத் துணுக்குகள், ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவு மெழுகுக்குள் பதிந்து, கேசட் என்கிற மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பில் எண் எழுதப்பட்டு, இரும்பு இழுப்பறைகளில் வரிசையாக இருந்தன. அவற்றை மெழுகில் பதிப்பதும், வெட்டிய பிறகு எண்ணி அடுக்குவதும், கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

முதலில் கவனித்தவள் ரெஜினா. அவள் மைக்ரோடோம் மெஷினில் பிளாக்கை மாட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தியெடுக்கும் டெக்னீசியன். பிளாக் ஐஸில் கிடந்து இறுகினால்தான் சீவல் ரிப்பன் மாதிரி அறாமல் வரும். அன்றைக்கு வந்ததெல்லாம் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. அரை மணி நேரமா ஐஸ்ல கெடக்கு, ஆற மாட்டேங்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷம் ஐஸில் பிளாக்கைப் பிடித்தும் மெழுகு கரைக்கும் ஸைலீனில் கை நனைத்தும் என் விரல் நுனிகள் பத்தும் மரத்துப்போயிருந்தன. ஃபார்மலின் வாடை எனக்கு எட்டாமல் போயே பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் தண்ணீரின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து பிளாக்கின் மேல் வைத்தேன். முப்பத்தேழு டிகிரி காட்டியது. அடுத்ததும் முப்பத்தேழு. அதற்கடுத்தது இருபத்திரண்டு, அதாவது ஏ.சி. போட்ட அந்த அறையின் சூடு. அதற்கடுத்தது முப்பத்தெட்டரை, அதன் மெழுகு லேசாக வியர்த்திருந்தது.

மூன்று நாள் நான் அளந்தும், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ஹெப்சிபா பழைய பதிவேடுகளைப் புரட்டியும் பார்த்ததில் விஷயம் தெளிவானது. எவருடைய துணுக்கோ அவர் உயிரோடு இருந்தால் பிளாக் முப்பத்தேழில் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டால் பிளாக்குக்கும் ஏறியது. இறந்திருந்தால் குளிர்ந்து கிடந்தது. எதனால் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏ.சி. மெக்கானிக் வந்து கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார், அதோடு காரணம் தேடுவது முடிந்தது. ஐஸ் தட்டு இரண்டு இருந்தது ஐந்து ஆயிற்று. வேலை பழையபடி நடந்தது.

ஊர் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று, பழகிக்கொள்ள இன்னொரு வாரம் போதுமாயிருந்தது. முதலில் ஆஸ்பத்திரி ஆட்கள் தங்கள் சொந்தக்காரர்களின் எண்ணைக் கொண்டுவந்தார்கள், பிறகு அவர்களுடைய தெருக்காரர்கள் வந்தார்கள், பிறகு துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் வந்தது; அம்மாவுக்குப் போன் போட்டால் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்லுவாள், அதனால் பிளாக்கைப் பார்த்துச் சொல்லுங்க என்று மகன்கள் கேட்டார்கள். நிர்வாகம் மூன்று முதல் நான்கு மணி வரை நேரம் ஒதுக்கி, வராந்தாவில் இரண்டு பெஞ்சு போட்டு, டோக்கன் அடித்து, குளிர்ச்சி, சாதாரணம், சூடு என்று மூன்று கட்டம் போட்ட ஒரு படிவமும் அச்சடித்துக் கொடுத்தது. கட்டத்தில் டிக் அடிப்பது எனக்குக் கூடுதல் வேலையாயிற்று. ஒரு நாளைக்கு நாற்பது டோக்கன், புதன்கிழமை மட்டும் அறுபது.

புருஷன் காணாமல் போய் ஆறு வருஷமான ஒரு பெண் வந்து, அவருடைய குடலிறக்க ஆபரேஷன் பிளாக் முப்பத்தேழு என்று கேட்டு, "அப்ப எங்கேயோ சொகமாத்தான் இருக்கான் பாவி" என்று சொல்லிவிட்டு, போகும்போது நெற்றியில் குங்குமத்தைச் சரிபண்ணிக்கொண்டு போனாள். கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளையின் தகப்பனார் எண்ணோடு வந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். ஒரு பெரியவர் தினமும் வந்து தன்னுடைய பிளாக்கையே பார்த்துவிட்டுப் போனார். உடம்பில் ஒருநாளும் கத்தி படாதவர்கள் ஏதோ குறைப்பட்டவர்கள் மாதிரி ஆகி, "ஒரு மருவு இருக்கு, அதையாவது வெட்டி வச்சுக்கிடுங்களேன், பிள்ளைகளுக்கு ஒரு இதுவா இருக்கும்" என்று கேட்டார்கள். எனக்குக் குடல்வால் எடுத்த பிளாக் ஒன்று இருந்தது. ரெஜினா அதை அளந்தாள். முப்பத்து நான்கு.

"அண்ணாச்சி, நீங்க பாதி உயிரோடதான் இருக்கிய" என்றாள். நான் படிவத்தில் எதில் டிக் அடிப்பது என்று யோசித்து, சாதாரணத்தில் அடித்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் என் எண்ணிக்கையைத் தவறு என்று ஒருவரும் சொன்னதில்லை; காலையில் எத்தனை துணுக்கு வந்தது, மாலையில் எத்தனை பிளாக் ஆயிற்று என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதுவேன். அப்படி எழுபத்திரண்டு நோட்டு சேர்ந்திருந்தது. முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறையும் வைகாசி முடிவதற்குள் அளந்து, குளிர்ந்தவை ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டு என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன்; ரெக்கார்டு செக்‌ஷனில் அந்தப் பெயர்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பிளாக் இடித்தது. அது போன வருஷத்து வரிசையில் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.

அது இசக்கியம்மாளுடைய பிளாக். ஐம்பத்திரண்டு வயது, பீடி சுற்றுகிறவர், போன ஆவணியில் கழுத்துக் கட்டியோடு வந்தார். கட்டியில் புற்று என்று ரிப்போர்ட் போய், ஐந்து தடவை மருந்து டிரிப்ஸ் ஏறி, தை மாதம் இறந்துபோனார். அவருடைய மகள் கோமு, ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை, புதன்கிழமைதான் லீவு. சித்திரைக் கடைசிப் புதன்கிழமை டோக்கன் எடுத்து வந்தாள்.

"அம்மா போயிட்டா அண்ணாச்சி. குளுந்துதான் கெடக்கும்னு தெரியும். இருந்தாலும் ஒரு தடவ தொட்டுட்டுப் போயிருதேன்."

தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் தெர்மாமீட்டர் வைத்தேன். முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள், கடைசி மகளுக்குக் கல்யாணம் ஆகாமல் அம்மாக்காரி முழுசாகப் போகமாட்டாள் என்று ஒரு பெண் சொன்னாள், அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ரெஜினா மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, "உயிர்த்தெழுந்தா காய்ச்சலோடவா அண்ணாச்சி எழும்புவாங்க" என்று என் காதில் சொன்னாள். கோமு தோளில் கிடந்த துண்டின் முனையைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து, பிளாக்கின் மேல் போட்டாள். சூடேறினதும் எடுத்தாள், மறுபடி நனைத்தாள். நாற்பது நிமிஷத்தில் பதினான்கு தடவை. மூன்று ஐம்பதுக்கு அளந்தபோது முப்பத்தேழரை.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் வந்தாள். டோக்கன் எண் ஒன்று அவளுக்கென்று ஒதுங்கிவிட்டது. பிளாக்கோடு பேசுவாள். "இந்த வாரம் பூரா பட்டுதான் வித்தேன்மா, தோள்பட்ட விட்டுப்போச்சு" என்பாள். "மாமா வீட்டுல கூப்பிட்டாவ, போகல" என்பாள். முகத்தில் சதை பிடித்தது. ஒருநாள் எனக்கு ஒரு பொட்டலம் அதிரசம் கொண்டுவந்தாள். நான் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்படித்தான் பேச வரும். நோட்டில் மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்: 2211, மரணம், 39.2. அது ஏன் என்று வாய்விட்டு ஒருவரையும் கேட்கவில்லை.

ஆனி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு ஒரு ஆள் ஜன்னலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், சட்டை இரண்டு ஆள் அளவுக்குத் தொங்கியது.

"அண்ணாச்சி, நான் செத்துட்டேன்னு ரெக்கார்டுல சொல்லுதாங்க. என்னன்னு கேட்டா, உம்ம பிளாக்கு குளுந்து போச்சுவே, மேல போய்க் கேளுங்காங்க."

"பேரு?"

"தங்கப்பழம். லோடு ஆட்டோ ஓட்டுதேன். ஓட்டுனேன். போன ஆவணியில கழுத்துல கட்டி எடுத்திய. டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திர குடுத்தாவ, நிக்கலன்னு இன்னும் மூணு மாசம் குடுத்தாவ. இப்ப பழைய ரிப்போர்ட் காப்பி கொண்டான்னு நிக்காவ. செத்தவனுக்கு காப்பி கிடையாதாம்." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "எம் பொண்டாட்டி சொர்ணம் கேட்டா சந்தோஷப்படுவா, விதவை பென்ஷன் வாங்கலாம்லா."

எண்ணைப் பார்த்தேன். இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

"காய்ச்சல் உண்டா?" என்று கேட்டேன்.

"மத்தியானம் ஆனா வந்துரும். ஒரு அதிசயம் பாருங்க, புதன்கிழமை மட்டும் எறங்கிரும். மூணு மணி வாக்குல நெத்தியில யாரோ ஈரத்துணி போட்டு எடுக்க மாதிரி இருக்கும். அன்னைக்கு ராத்திரிதான் ஒறங்குவேன். ஒரு மாசத்துக்கு மேல அப்படித்தான். சொர்ணம் கோயில்ல நேந்தது பலிச்சிட்டுங்கா."

அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அறுபத்தெட்டாவது நோட்டை எடுத்தேன், ஆவணி ஒன்பதாம் தேதி பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: வரவு 47. மின்தடை 11.20 முதல் 11.55 வரை. மெழுகில் ஆடை கட்டியது. கடைசி நான்கும் இரண்டிரண்டாகத் திறந்தது. பிளாக் 47. எண்ணிக்கை சரி.

மெழுகில் பதிக்கிற வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. ஒரு கேசட்டின் மூடியைத் திறந்தால், அதிலுள்ள துணுக்கை அச்சில் வைத்து, மெழுகு ஊற்றி, அதே எண்ணை மேலே பொருத்தி முடித்த பிறகுதான் அடுத்த மூடியைத் திறக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த ஒருநாள் முப்பத்தைந்து நிமிஷம், மெழுகு உறைகிறதே என்று நான் இரண்டிரண்டாகத் திறந்தேன். இரண்டும் கழுத்துக் கட்டி, இரண்டும் பாசிப்பயறு அளவு. ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. எந்தக் கையில் எந்த மூடி என்று கண்தான் பார்க்க வேண்டும், என் விரல்கள் சொல்லாது, என் மூக்குக்கண்ணாடியிலோ மெழுகுப் புகை படிந்திருந்தது. பதினொன்றின் துணுக்கு பன்னிரண்டுக்குள்ளும் பன்னிரண்டின் துணுக்கு பதினொன்றுக்குள்ளும் போயின. நாற்பத்தேழு வந்தது, நாற்பத்தேழு போயிற்று. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் அறை வாசலில் நோட்டோடு நின்றேன். சுவரிலிருந்த கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் போயிற்று. வராந்தா பெஞ்சிலிருந்து இருமல் கேட்டது. உள்ளே போனேன்.

டாக்டர் ஹெப்சிபா நோட்டை இரண்டு முறை படித்தார். இரண்டு பிளாக்கையும் எடுத்துவரச் சொல்லி, ரெஜினாவைப் புதிதாகச் சீவச் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். சரிபார்க்க இரண்டிலிருந்தும் ஒரு சீவல் வெளியூருக்கு அனுப்பினார், ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை. தங்கப்பழத்தின் கழுத்தில் இன்னொரு கட்டியைத் தொட்டுப் பார்த்து, அன்று மதியமே மூன்றாவது வார்டில் சேர்த்தார்.

"இவருக்கு நேரம் இருக்கு. மருந்துக்குக் கேக்குற புற்றுதான், சரியாக வாய்ப்பு உண்டு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த அம்மாவுக்குத்தான் டிபி இருந்திருக்கு, ஆவுடையப்பன். டிபி இருக்குற உடம்புல அந்தப் புற்று மருந்தை ஏத்தியிருக்கோம்."

நான் தரையைப் பார்த்தேன். தரையில் பதினாறு ஓடு இருந்தது.

"நிர்வாகத்துக்கு நான் எழுதிடுறேன். அவங்க வக்கீலைக் கேக்காம அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் சொல்லவேண்டாம்னுதான் சொல்வாங்க. நாளைக்கு வந்தா, டெஸ்டுக்குச் சீவுனதுல பிளாக் தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. அப்படி நடக்கிறதுதானே."

அப்படி நடக்கிறதுதான். பிளாக் தீர்ந்துபோவது உண்டு. அவள் ஒருநாள் அழுதுவிட்டு, அம்மா போனாள் என்று போயிருப்பாள்; பட்டுப்புடவை விற்றதைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் போகும், அவ்வளவுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கோமு வந்தாள். துண்டை முன்பே நனைத்துப் பிழிந்து கையில் வைத்திருந்தாள். இரண்டு பிளாக்கும் என் மேஜை மேல் இருந்தன. அவள் பதினொன்றின் மேல் துணியைப் போட்டாள்.

"அது உங்க அம்மா இல்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் முகத்தை நான் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், மின்தடை எத்தனை மணிக்கு, எத்தனை மூடி, எந்தக் கை என்று. நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன்.

"அப்ப எங்கம்மாவுக்கு கேன்சர் இல்லையா?"

"இல்ல. டிபி."

"மாத்திர போட்டா சரியாயிருக்குமா?"

"பெரும்பாலும் சரியாயிரும்."

"எத்தன நாளு போடணும்?"

"ஆறு மாசம். நூத்தி எம்பது நாள்."

அவள் அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "முடியெல்லாம் கொட்டிப்போச்சு அண்ணாச்சி அவளுக்கு. பீடி எலயப் போட்டு தலைய மூடிக்கிட்டு கண்ணாடி பாத்தா, வேடிக்கையா." துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வராந்தாவில் டோக்கன் இரண்டைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, நடந்ததை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மெழுகில் பதிக்கிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை இழுப்பறைகளும் தெர்மாமீட்டரும் மட்டும் என்னிடம் இருந்தன. கோமுவிடம் சொன்னதற்குத் தனியாக இன்னொரு மெமோ வந்தது. டாக்டர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கோமு ஆஸ்பத்திரி மேல் எழுதிக் கொடுத்த புகாரில் மட்டும் சாட்சியாகத் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு ஒருவரும் வரவில்லை. மூன்று பத்துக்கு பிளாக் முப்பத்தொன்பது புள்ளி நான்கு. சொர்ணம் மூன்றாவது வார்டிலிருந்து படியேறி வந்து, "இன்னைக்கு ஏன் துணி போடல? மனுஷன் பெனாத்துதாரு" என்று ஜன்னலில் நின்றாள், அந்தக் கதை வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. நான் ஒரு துணியை நனைத்துப் போட்டேன். பிழிந்தது போதுமா, துணி ஈரமா காய்ந்ததா என்று என் கைக்குத் தெரியவில்லை. பத்துத் தடவை போட்டேன். முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

அதற்கடுத்த புதன்கிழமை, ஆனி இருபத்திமூன்று, மூன்று பன்னிரண்டுக்குக் கோமு வந்தாள். டோக்கன் எடுக்கவில்லை.

"உங்களுக்காக வரல. தெரிஞ்சுக்கிடுங்க" என்றாள்.

"தெரியும்."

"அந்தப் பொம்பள கடைக்கு வந்து கேட்டா. சேல எடுக்க வந்தவ மாதிரி நின்னு, நாலு சேலய விரிக்கச் சொல்லிட்டு, அஞ்சாவது சேலயில அழுதுட்டா." துண்டை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்தாள். "அவரு எது?"

பதினொன்றை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். துணியைப் போட்டாள். சூடேறினதும் எடுத்தாள், நனைத்தாள், போட்டாள். பட்டைப் பற்றியோ மாமா வீட்டைப் பற்றியோ அந்த பிளாக்கிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கீழே மூன்றாவது வார்டில் அந்த ஆள் தூங்கிவிட்டார் என்று ரெஜினா வந்து சொன்னாள்.

அப்புறம் கோமு இடது கையை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று தெரிந்து பன்னிரண்டை எடுத்து அதில் வைத்தேன். விரல்களை மடக்கி அதை மூடிக்கொண்டாள். இடது கையில் அதை வைத்துக்கொண்டே வலது கையால் துணியை நனைத்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். பிறகு இரண்டு பிளாக்கையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "தொட்டுப் பாருங்க."

"கோமு, எனக்கு—"

"தொடுங்க."

ஒரு கையை இதன் மேலும் மறு கையை அதன் மேலும் வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் வைத்திருந்தேன், நூற்று எண்பது வரை மனதுக்குள் எண்ணினேன். என் விரல்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.